தராசில் ஏறாத போர்வை

கொழுந்துக் கூடை மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி. அதில் ஒரு பழைய ரெக்சின் பை. கஹவத்தை டவுனிலிருந்து ஓட்டோ ஏறுமளவு தூரம் ஏறி, மீதியை நடந்து போய்ச் சேர்ந்த லயத்துக் காம்பரா அது. பைக்குள் எண்பத்தேழு கம்பளிச் சதுரங்கள். ஒவ்வொன்றும் ஐந்து அங்குலம். ஓரம் எல்லாவற்றுக்கும் கறுப்பு. உள்ளே சிவப்பு, மஞ்சள், கடும்பச்சை, துவைத்துத் துவைத்து வெளிறிய ஒரு நீலம். வீட்டுக்கார அக்கா அவற்றைப் பத்துப் பத்தாக அடுக்கி நூலால் கட்டி வைத்திருந்தார். கடைசிக் கட்டில் மட்டும் ஏழு.

"ஆணியிலதான் தொங்கணும் தங்கச்சி. கீழ வச்சா எலி. பெட்டிக்குள்ள வச்சா பூஞ்சணம். நம்ம பக்கத்து மழை தெரியும்தானே" என்றார்.

'ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் பெண்கள்' என்ற தலைப்போடுதான் நான் போயிருந்தேன். ஓய்வு நேரம் என்றதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஓய்வுன்னு ஒன்னு இல்ல. துண்டு நேரம் இருக்கு."

துண்டு நேரம் என்றால் என்ன என்பது அவரோடு ஒரு நாள் கூட இருந்து பார்த்தால்தான் விளங்கும். வீட்டுக்காரர் றப்பர் பால் வெட்டப் போகிறவர். இருட்டோடு எழுந்து அவருக்குத் தேத்தண்ணீர். பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் சாப்பாடு, பாடசாலைக்கு அனுப்புதல். பிரட்டுக்களத்துக்கு ஓட்டம். மலையில் கொழுந்து, பகலில் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போதல், மீண்டும் மலை, நிறுவை. திரும்பி வந்தால் விறகு, தண்ணீர், அடுப்பு, துணி. இதற்கு நடுவே இங்கே ஐந்து நிமிடம், அங்கே பத்து நிமிடம். பீலியில் தண்ணீர் மெல்லிசாக வரும் நாளில் ஒரு குடம் நிறைவதற்குள் சதுரத்தில் ஒரு சுற்று முடியும். விறகடுப்பில் அரிசி வேகும் நேரத்தில், கறுப்பு ஓரம் தவிர மிச்சமெல்லாம் முடிந்துவிடும். இரத்தினபுரி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்துக் காத்திருந்த ஒரு நாளில் ஏழு சதுரம் பின்னியிருக்கிறார். அந்த ஏழும் எவை என்று கட்டைப் பிரிக்காமலே காட்டினார். அன்றைக்குக் கையில் இருந்தது மஞ்சள் நூல் மட்டும்.

ஸ்வெட்டர் பின்னுகிற இரட்டை ஊசி வேலையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அந்த வேலையில் வரிசை முழுக்க உள்ள கண்ணிகள் அத்தனையும் ஊசியில் உயிரோடு தொங்கும். ஒரு பிள்ளை ஊசியை உருவினால் முழு வரிசையும் சரியும். அக்கா பின்னுவது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே. அதில் எந்த நேரத்திலும் ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண்ணி. பால் பொங்கினால் அந்தக் கண்ணியைக் கொஞ்சம் நீட்டி இழுத்துவிட்டு எழுந்து ஓடலாம். ஊசியைச் சின்னவன் எடுத்துக்கொண்டு போனாலும் நஷ்டம் நாலைந்து கண்ணிதான். சதுரம் என்பதால் இன்னொரு வசதி. நாலு சங்கிலியை வளையமாக்கி, அதற்குள் மும்மூன்று நீளக் கண்ணிகளாக நாலு கொத்துப் போட்டு, மூலைகளில் இடம் விட்டுச் சுற்றிச் சுற்றி வந்தால் வேலை கைக்குள்ளேயே முடிந்துவிடும். மடியில் கனக்காது. மழைக்காலத்தில் ரெட்டுக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். எம்பிலிப்பிட்டிய ரோட்டில் நிரம்பி வழிகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பெல்மடுளை வருவதற்குள் ஒன்று.

உலகத்தில் எத்தனையோ கைவேலைகள் உண்டு. துண்டு துண்டாக உடைந்துபோன நாளை வைத்துக்கொண்டு முழுசாக ஒரு பொருளைச் செய்யவிடும் வேலை இதைவிட வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பாய் இழைக்க இடம் வேண்டும். தையலுக்கு மெஷினும் வெளிச்சமும் வேண்டும். சேலைக்கு எம்பிராய்டரி போடக் கை சுத்தமாக இருக்க வேண்டும்; கொழுந்துக் கறை ஏறிய விரலுக்கு அது சரிப்படாது. கறுப்பு ஓரம் ஏன் என்று கேட்டபோது அக்கா விரலைத்தான் காட்டினார்.

நூல் எங்கிருந்து வருகிறது? கடையில் வாங்கிய வூல் ஒன்றுகூட அந்தப் பையில் இல்லை. பொகவந்தலாவைப் பக்கத்தில் கலியாணம் முடித்த நாத்தனார், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன ஸ்வெட்டர்களைச் சேர்த்து வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை வரும்போது கொண்டு வருகிறார். கஹவத்தையில் யாரும் ஸ்வெட்டர் போடுவதில்லை. அக்கா அவற்றைத் தையல் விட்ட இடத்தில் பிடித்து உருவிப் பிரிக்கிறார். பிரித்த நூல் சுருள் சுருளாக, நூடில்ஸ் போல நிற்கும். அதைக் கதிரைக் கால்களில் சுற்றிக் கழியாக்கி, நனைத்து, கீழே ஒரு கல்லைக் கட்டி இஸ்தோப்பில் தொங்கவிட்டால் காயும்போது நேராகிவிடும். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பின்னல் மட்டும் எட்டாம் வகுப்பில் மனைப்பொருளியல் ரீச்சர் காட்டிக் கொடுத்தது.

இப்படிச் சதுரங்களைக் கோத்துச் செய்யும் போர்வைக்கு ஆங்கிலத்தில் ஆப்கான் என்று பெயர். ஆப்கானிஸ்தானத்து வண்ணக் கம்பளிகளைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்த பெயர் அது. இந்தச் சதுரத்துக்கான செய்முறை 1885 இல் அமெரிக்க விவசாயப் பத்திரிகையொன்றில் வந்திருக்கிறது. மிச்சம் மீதி நூலை வீணாக்காமல் இருக்கப் பண்ணைவீட்டுப் பெண்கள் கண்டுகொண்ட வழி. நம்முடைய பக்கத்தில் நூலால் துளைத்துளையாகப் பின்னும் எதையும் 'ரேந்தை' என்கிறோமே, அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். காலிப் பக்கத்துப் பீரளு ரேந்தை இன்றைக்கும் அவர்கள் கையைச் சொல்லும். மிஷனரிமார் தொடங்கிய பெண்கள் பாடசாலைகளில், 1824 இல் உடுவிலில் தொடங்கியது உட்பட, எழுத்தோடு ஊசியும் சேர்ந்தே வந்தது. என் அம்மா தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போட்ட வெள்ளை ரேந்தை இப்போதும் வீட்டில் இருக்கிறது. பெட்டி போய்விட்டது.

பெண்கள் கூடிச் சதுரம் பின்னினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சென்னை காட்டிவிட்டது. 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீற்றர் அளவில் ஒரு குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸில் ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டு தென்னாபிரிக்கர்கள், மண்டேலாவின் பெயரால் ஏழைகளுக்குப் போர்வை கொடுக்கும் இயக்கத்தில், 3,377 சதுர மீற்றருக்குப் பின்னியிருந்தார்கள். சென்னை அதை மூன்று மடங்குக்கு மேல் தாண்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், அவரவர் வீட்டில், அவரவர் வேலைகளுக்கு நடுவே, ஒரு மீற்றர் அளவுச் சதுரங்களாகப் பின்னி அனுப்ப, எல்லாவற்றையும் ஓரிடத்தில் கோத்தார்கள். பிறகு பிரித்து ஆதரவற்றவர்களுக்குப் போர்வைகளாகக் கொடுப்பது என்பது தொடக்கத்திலேயே இருந்த எண்ணம். செய்தியை அக்காவிடம் சொன்னேன். "அவ்ளோ பெரிசா?" என்று கேட்டுவிட்டு, ஓரத்துக்கு எல்லோரும் ஒரே நிறம் போட்டார்களா என்று விசாரித்தார்.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் நல்ல பெயர் கிடைத்திருக்கும். பெண்ணின் பொறுமை, வண்ணம், படம். ஆனால் பேச்சோடு பேச்சாக அக்கா சொன்ன ஒரு விஷயம் என்னை விடவில்லை.

ஊருக்கு அப்பாலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள். சதுரங்களைப் பார்த்திருக்கிறார்கள். "இவ்வளவு நல்லா பின்றீங்களே, இதையே சுயதொழிலாச் செய்யலாமே. நூல் நாங்க தாறோம், சதுரத்துக்கு இவ்வளவுன்னு கொடுத்திடுவோம். வீட்டில இருந்துக்கிட்டே சும்மா இருக்கிற நேரத்தில செய்யலாம்" என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். பக்கத்து லயத்தில் நாலைந்து பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அக்கா இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கவா என்று என்னைக் கேட்டார்.

சும்மா இருக்கிற நேரம். அந்த வார்த்தைக்கு ஒரு வரலாறு உண்டு. ஆந்திராவில் மேற்குக் கோதாவரிக் கரையில் நரசாபூர் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷே ரேந்தை அங்கே வீட்டுக்கு வீடு பரவி, ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்தது. 2024 இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1970களின் இறுதியில் ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களோடு இருந்து, அவர்கள் நாளை மணிக்கணக்கில் குறித்து, 1982 இல் ஒரு நூல் எழுதினார். பெண்ணியம் படிக்கிறவர்கள் உலகமெங்கும் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். வீட்டு வேலை எல்லாம் போக நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை அந்தப் பெண்கள் பின்னினார்கள். கிடைத்த காசு, விவசாயக் கூலிப் பெண்ணுக்குச் சட்டம் சொன்ன கூலியில் அரைவாசிகூட இல்லை. நூல் கொண்டு வருபவர் வேறு, வாங்கிப் போகிறவர் வேறு, கப்பலில் ஏற்றுபவர் வேறு. எந்தத் துண்டு எந்த நாட்டில் என்ன விலைக்குப் போகிறது என்பது பின்னுகிறவருக்குத் தெரியாது. முழு மேசைவிரிப்பை ஒருத்தியே பின்னுவதும் குறைந்து, ஒருத்திக்குப் பூ, ஒருத்திக்கு ஓரம், ஒருத்திக்கு இணைப்பு என்று வேலை பிரிந்துபோனது.

இத்தனைக்கும் காரணம் கொடுமைக்கார முதலாளி ஒருவன் அல்ல. ஒரு சொல். இவர்கள் தொழிலாளர்கள் இல்லை, வீட்டில் இருக்கும் இல்லத்தரசிகள். பின்னுவது ஓய்வு நேரத்தில். ஆகவே வருவதெல்லாம் லாபம். இப்படிச் சொன்னதும் கூலி என்ற பேச்சே எழவில்லை. சம்பளச் சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. அந்தப் பெண்களும் தங்களை அப்படியே நம்பினார்கள் என்பதுதான் மீஸ் எழுதியதில் எனக்கு நெஞ்சை அடைத்த இடம்.

இப்போது நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அக்கா பின்னத் தொடங்கியிருக்கும் போர்வை பத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் 120 சதுரம். பழகிய கைக்குச் சதுரம் ஒன்றுக்கு 20 நிமிடம். அது மட்டும் 40 மணி நேரம். நூல் நுனிகளை உள்ளே மறைத்து, சதுரங்களைக் கோத்து, வெளி ஓரம் பின்ன இன்னொரு 10 மணி நேரமாவது ஆகும். ஆக 50. எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் ஆறே கால் நாள். 2024 இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளத்தையே வைத்துப் பார்த்தாலும் போர்வையின் கைக்கூலி மட்டும் 8,400 ரூபாவுக்கு மேல். நூல் விலை சேர்க்கவில்லை. அந்தச் சம்பளம் போதாது என்று சண்டை பிடித்த நாங்கள்தான் இதையும் கேட்கிறோம்: ஒரு போர்வைக்கு எட்டாயிரத்து நானூறு கூலி கொடுக்க வந்தவர் எவராவது உண்டா? சதுரத்துக்கு 56 ரூபா கொடுத்தால்தான் அந்த நாட்சம்பளத்துக்கே சமம். பக்கத்து லயத்தில் பெயர் கொடுத்தவர்களிடம் சொல்லப்பட்ட தொகையை நான் கேட்டேன். அதில் பாதியும் இல்லை.

கையில் நாலு காசு புழங்கினால் பெண்ணுக்கு நல்லதுதானே என்று கேட்பார்கள். பொய்யில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் நடத்திய பாடசாலையில் ரேந்தை பின்னிச் சம்பாதித்த பணத்தால் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். அவருடைய மகள், கால்டுவெல்லின் மனைவி எலைசா, அதே தொழிலை இடையன்குடிப் பெண்களுக்குக் கொண்டுபோனார். ஆனால் நாம் பேசுவது 1820களைப் பற்றி அல்ல.

தோட்டத்துப் பெண்ணின் வாழ்க்கையில் தராசில் ஏறாத பொருள் எது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பறித்த கொழுந்து நிறுவைக்குப் போகிறது. நனைந்த கொழுந்து என்று தண்ணீருக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு. கிலோ குறைந்தால் அரைப் பேர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வென்றால் அன்றைக்கும் கைக்காசுக்குக் கொழுந்து. வெட்டிய றப்பர் பாலும் அளவைக்குத்தான் போகிறது. பிள்ளை பிறந்தால் அதன் எடை, கிளினிக் அட்டையில் தாயின் எடை. தலைமுறை தலைமுறையாக நிறுத்து நிறுத்தே வாழ்ந்த சனம் இது. அந்த ஆணியில் தொங்கும் ரெக்சின் பைக்குள் இருப்பது மட்டும்தான் இன்னும் யாரும் நிறுக்காதது. எத்தனை நாளில் முடிப்பாய் என்று கேட்க ஒரு கங்காணி இல்லாதது. ஒரு சதுரம் பிடிக்கவில்லை என்றால் அக்கா பிரித்துவிட்டு மறுபடி பின்னுகிறார். மலையில் பறித்த ஒரு கொழுந்தையாவது அவரால் அப்படித் திரும்பப் பெற முடியுமா?

சதுரத்துக்கு இவ்வளவு என்று விலை வந்த அன்றைக்கு அந்தத் துண்டு நேரங்கள் கைக்காசு நேரமாகிவிடும். குடம் நிறையும் வரை ஒரு சுற்று என்பது போய், குடத்தை மகள் பிடிக்கட்டும், நான் பின்னுகிறேன் என்று வரும். பிறகு மகளும் பின்னட்டும் என்று வரும். நரசாபூரில் சிறுமிகள் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். க.பொ.த. சாதாரணதரத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் உள்ள லயங்களில் இதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயம் மிகை என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: குரோஷே பின்னலை மனிதக் கைபோலப் பின்னித் தள்ளும் ஆலை இயந்திரம் இன்றுவரை வரவில்லை. பெரிய கடைகளில் மலிவு விலைக்குத் தொங்கும் அசல் குரோஷே சட்டை ஒவ்வொன்றையும் எங்கோ ஒரு பெண்ணின் விரல்தான் பின்னியிருக்கிறது. அந்த விலையில் அவளுக்கு என்ன போயிருக்கும் என்று யோசித்தால், அடுத்த கூலி மலிந்த இடத்தைத் தேடி அந்த வியாபாரம் எங்கே வரும் என்பதும் தெரியும். தேயிலையும் றப்பரும் தளர்ந்த சபரகமுவைத் தோட்டங்கள், வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் நிற்கும் இளம் தாய்மார்கள், எட்டாம் வகுப்பிலேயே ஊசி பிடிக்கப் பழகிய கைகள். தேடி வருகிறவருக்கு எல்லாம் தயாராக இருக்கிறது.

அதற்காகக் கைவேலையை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விற்கலாம், மணிக்கணக்குச் சொல்லி விற்க வேண்டும். பயிற்சி வகுப்பு வைக்க வருகிறவர்கள் முதல் நாளே கரும்பலகையில் இரண்டு எண்களை எழுத வேண்டும்: ஒரு சதுரத்துக்கு எத்தனை நிமிடம், அந்த நிமிடத்துக்கு என்ன கூலி. நூலைக் கொடுத்துச் சதுரத்தை வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அவர் கூலி கொடுப்பவர்தான். உதவி செய்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. எந்தக் கடைக்குப் போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று எழுத்தில் கொடுக்காதவருக்கு ஒரு சதுரமும் கொடுக்கக் கூடாது. தோட்டத்துத் தொழிற்சங்கங்கள் கிலோவுக்கும் நாட்பேருக்கும் பேசுகிற அளவில் கால்வாசியாவது லயத்துக்குள் நடக்கும் இந்த வேலைக்கும் பேச வேண்டும். வீட்டுக்குள் நடப்பதால் அது வேலை இல்லாமல் போகாது.

அக்காவுக்கும் இதைத்தான் சொன்னேன். பெயர் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அந்த 56 ரூபாக் கணக்கைக் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பைக்குள், மஞ்சள் கட்டுக்கு அடியில் வைத்தார்.

போர்வை யாருக்கு என்று கடைசியாகக் கேட்டேன். மூத்தவள் உயர்தரம் படிக்கிறாள். சபரகமுவைப் பல்கலைக்கழகம் இருப்பது பெலிஹுல்ஓயாவில். "அங்க ராவைக்குக் குளிருமாம்தானே" என்றார். மகளுக்கு இன்னும் சொல்லவில்லையாம். பரீட்சை முடியட்டும் என்று வைத்திருக்கிறார். 33 சதுரம் பாக்கி.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். சந்தையிலோ, கோவில் திருவிழாக் கடையிலோ, தெரிந்தவர் வீட்டிலோ உங்களிடம் ஒரு குரோஷே போர்வையை யாராவது விற்க வந்தால், விலை கேட்பதற்கு முன் சதுரங்களை எண்ணுங்கள். ஒன்றுக்கு இருபது நிமிடம். அந்தக் கணக்கு வருமளவு பணம் உங்களிடம் இல்லையென்றால் பேரம் பேசாமல், நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.